மொட்டைமாடித் தொட்டி: நீர்மட்டப் பதிவு

மே 6, மடிப்பாக்கம்

ரிச்சி தெருவில் வாங்கிய அல்ட்ராசோனிக் சென்சாரை (ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் என்று அளப்பது) தொட்டி மூடியில் பொருத்தியாயிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம், வீட்டுச் சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்டில் பதிவாகிறது. இருபது சென்டிமீட்டருக்குள் இருப்பதை இது சரியாக அளக்காது. அதனால் நிரம்பும் மட்டத்துக்கு மேலே தாராளமாக இடம் விட்டேன். மோட்டார் ஓடும்போது தண்ணீர் தளும்பி அளவு தாறுமாறாக வந்தது. ஐந்து அளவுகளில் நடுவில் நிற்பதை மட்டும் எடுக்கச் சொன்னதும் கோடு சீரானது.

மே 9

வீடே தூங்கிய பிறகும் கோடு இறங்குகிறது. இரவு 11-லிருந்து காலை 5-க்குள் 4 செ.மீ. எங்கள் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு செ.மீ. என்றால் ஏறக்குறைய 9 லிட்டர். எங்கோ ஒழுகுகிறது என்று அம்மாவிடம் காட்டினேன். "அது சரி, மத்தியானம் மோட்டார் போடாமயே ஏறியிருக்கே, அது எப்படிடா?" என்றார். அருமையான கேள்வி.

மே 10

காரணம் ஒலியின் வேகம். 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், டிகிரிக்கு 0.6 கூடும். 28 டிகிரியில் 348, 38-ல் 354. சென்சார் அளப்பது எதிரொலி திரும்பும் நேரத்தைத்தான். தொட்டிக்குள் காற்று சூடாக ஆக எதிரொலி சீக்கிரம் வந்துவிடுகிறது, தண்ணீர் ஏறியதாகக் கணக்காகிறது. இரவில் நேர்மாறு. 80 செ.மீ. இடைவெளியில் பத்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட 1.4 செ.மீ. பொய்!

மே 13

தொட்டிக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரைத் தொங்கவிட்டு, வெப்பத்தைக் கணக்கில் சேர்த்தேன். மத்தியான ஏற்றம் மறைந்தது. மாடி நிழலில் இருக்கும் இன்னொரு சென்சாரில் கடற்காற்று நுழைந்த நேரம் கத்தியால் வெட்டியதுபோல் தெரிகிறது: வெப்பம் சரிய, ஈரப்பதம் எகிறுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

ஆனால் இரவு இறக்கத்தில் அரை செ.மீ.தான் குறைந்தது. மீதி மூன்றரை செ.மீ. நிஜமான தண்ணீர்.

மே 14

மாடி பாத்ரூம் வால்வை இரவு மூடிவைத்தேன், கோடு அசையவில்லை. காலையில் வால்வைத் திறந்து, ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரி பவுடரைக் கரைத்தேன். யாரும் ஃப்ளஷ் செய்யாமலே, பீங்கானின் பின்சுவரில் நூல் கனத்துக்கு ஆரஞ்சு நிறம் வழிந்து இறங்கியது. சத்தமே இல்லாத ஒழுகல்.

மே 15

பிளம்பர் வந்து வாஷரை மாற்றினார். அந்த வேகத்தில் நாளெல்லாம் ஒழுகினால் 120 லிட்டருக்கு மேல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. மனசு பொறுக்கவில்லை.

மே 16

நாம் மாற்றாவிட்டால் ஹோம் அசிஸ்டென்ட் விவரப் பதிவுகளை 10 நாள்தான் வைத்திருக்கும். சென்சாருக்கு 'ஸ்டேட் கிளாஸ்' (இது எந்த வகை அளவு என்று சொல்லும் அமைப்பு) கொடுத்தால் மணிக்கொரு சராசரி, குறைந்த அளவு, கூடிய அளவு மூன்றும் நிலைத்து நிற்கும். இரவு ஒழுகலைக் கண்டுபிடிக்க அது போதும். சென்சார் சொன்ன தூரத்தையும் வெப்பத்தையும் அப்படியே தனித்தனியாகச் சேமிக்கிறேன்; திருத்திய மட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால், நாளைக்குச் சூத்திரத்தை மாற்றும்போது பழைய பதிவுகள் உதவாது.

அடுத்தது சம்ப். தரைக்கு அடியில் வெப்பம் இவ்வளவு ஆடாது. ஆனாலும் தூரத்துக்கும் வெப்பத்துக்குமான இரண்டு சென்சாரையும் சேர்த்தே போடுவேன்.