அந்த மீனை யாரு வித்தா?

ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், ராமேஸ்வரம் பக்கத்துல எங்க தங்கச்சிமடத்துல அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்து கத்தோலிக்கக் குடும்பங்க வீட்டுல கூடி பைபிள் வாசிக்கிற கூட்டத்துக்கு, ஆம்பளைங்க தலை தெரியிறது அப்பதான், மத்த நாளெல்லாம் பொம்பளைங்களும் நானும்தான். இந்தத் தடவை நெறைய பேர் வருவாங்கன்னு முதநாளே போன்ல குறிப்பு எழுதி வச்சிட்டேன், தலைப்பு வேற 'சீடத்துவம்'.

வாசிச்சது பைபிள்ல லூக்கா 5ம் அதிகாரம். பேதுருவும் கூட்டாளிங்களும் ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் கிடைக்கல, ஆழத்துக்குப் போன்னு இயேசு சொல்றாரு, ரெண்டு படகும் முங்குற அளவுக்கு மீனு, கரைக்கு வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு அவர் பின்னாடி போயிடுறாங்க.

நாங்க பண்றது ஏழு படி முறை, தென்னாப்பிரிக்காவுல லும்கோங்கிற கத்தோலிக்க நிலையத்துல ஆரம்பிச்சது. வாசிக்கணும், மனசுல பட்ட வார்த்தையை அப்படியே சொல்லணும், கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும், அப்புறம்தான் பகிர்வு. பிரசங்கம் மட்டும் பண்ணவே கூடாது. நான் இருபது நிமிசம் பண்ணுனேன். எதிர்ல இருந்தவரு பாயில ஒரு கோரையை உருவி எடுத்து முடிச்சு போட்டுட்டே இருந்தாரு.

திடீர்னு ஒரு பெரியம்மா, "தம்பி, எல்லாத்தையும் விட்டுட்டுப் போனாங்க சரி, அந்த மீனை யாரு வித்தா?"

என் குறிப்புல அது இல்ல.

அப்புறம் பாக்கணுமே. ரெண்டு படகு மீனுக்கு ஐஸ் யாரு சொன்னான்னு ஒருத்தர், கூட்டாளிங்க யாக்கோபு, யோவானோட அப்பா செபதேயு இருக்காருல்ல, மாற்கு 1:20ல கூலியாளுங்களோட படகுல நிக்கிறாரேன்னு இன்னொருத்தர். பெரியம்மா விடல. "முந்துன அதிகாரத்துலதான பேதுரு மாமியாருக்குக் காய்ச்சல் சுகமாச்சு, அந்தம்மா எந்திரிச்ச கையோட கூடையைத் தூக்கியிருக்கும்." அவங்க முப்பது வருசம் தலையில மீன்கூடை சுமந்தவங்க, அவங்க சொன்னா மறுத்துப் பேச எங்கள்ல ஆளில்ல. பேதுருவுக்கு ஒரு வீடு இருந்துச்சு, சம்சாரம் இருந்துச்சு, இத்தனை வருசம் வாசிச்சும் நான் அவரை கரையில ஒத்தையாத்தான் பாத்திருக்கேன்.

ஆறாவது படி, இந்த வாரம் என்ன செய்யப்போறோம்னு கேக்கணும். வழக்கமா "நோயாளியைப் பாக்கப் போறோம்"னு எழுதி நோட்டை மூடிருவோம். அன்னைக்கு பெரியம்மாவே சொல்லிட்டாங்க, அடுத்த கூட்டம் கடைசித் தெரு வீட்டுலன்னு. அந்த வீட்டுக்காரரு மாசியில படகோட புடிபட்டு இலங்கை ஜெயில்ல இருக்காரு, அந்தக்கா அதுல இருந்து கூட்டத்துக்கே வரல, நாங்களும் போய் கூப்பிடல.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு. பாய் நம்மளே கொண்டுபோகணும், காப்பித்தூளும் சீனியும் பெரியம்மா வாங்கிட்டாங்க. குறிப்பை அழிச்சிட்டேன்.