21 லட்சத்தில் வங்கியின் கண்ணுக்குத் தெரிந்தது 11

காட்பாடியில் ஒரு டிபன் கடை பிரான்சைஸ், அதாவது ஒரு பிராண்டின் பேரில் கடை நடத்தும் உரிமை, எடுக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். “பேங்க் கடனுக்கு அரசாங்கமே ஜாமீன் நிக்குதாமே, அப்புறம் உனக்கென்ன?” ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் 14 வருஷம் சூப்பர்வைசராக இருந்த எனக்கும் முதலில் அந்த நினைப்புதான்.

ஜாமீன் உண்மைதான். 2000-இல் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து தொடங்கிய சிஜிடிஎம்எஸ்இ என்ற அறக்கட்டளை, சிறுதொழில் கடனுக்குப் பொறுப்பேற்கிறது. ஆனால் வங்கியிடம், என்னிடம் இல்லை. நான் தவணை கட்டாமல் போனால் நஷ்டத்தில் பெரும்பங்கை வங்கிக்குக் கொடுக்கும். அப்போதும் வங்கி என்னை விடாது. ஜாமீனுக்கு வருஷா வருஷம் கட்டணம் உண்டு, அதுவும் என் தலையில். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: சத்துவாச்சாரி வீட்டுப் பத்திரம் அம்மாவின் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. அம்மாவுக்கு அதுவே போதும்.

நான் எழுதிக்கொண்டு போன கணக்கு இது. பிராண்டுக்குக் கட்டணம் 6 லட்சம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1 லட்சத்து 8 ஆயிரம். சமையலறைச் சாமானும் உள்வேலையும் 11 லட்சம். கடைக்கு அட்வான்ஸ் 3 லட்சம். மொத்தம் 21 லட்சத்துச் சொச்சம். கால் பங்கு நாம் போட்டால் மிச்சம் வங்கி தரும் என்றார்கள். ஐந்தேகால் லட்சம், பிஎஃப் பணத்திலேயே முடிந்துவிடும்.

மேனேஜர் சிவப்புப் பேனாவால் இரண்டு வரிகளை அடித்தார். “தம்பி, பிராண்டு பேரும் அட்வான்சும் நாங்க தொட்டுப் பாக்குற சொத்து இல்ல. அடுப்பு, கிரைண்டர், ஃபிரிட்ஜ் இதுக்குக் கொட்டேஷன் கொண்டாங்க.” அந்த 11 லட்சத்தில் முக்கால் பங்கு, எட்டேகால் லட்சம்தான் கடன். மீதி 12 லட்சத்து 83 ஆயிரம் என் கையிலிருந்து. வெளியே வந்தால் வேலூர் வெயில். நின்றபடியே இரண்டு டம்ளர் மோர் குடித்தேன்.

அந்த ஜிஎஸ்டியாவது திரும்ப வருமா என்று ஆடிட்டரைக் கேட்டேன். சிரித்தார். நம்மைப் போன்ற ஓட்டல்கள் 5 சதவீதம்தான் வசூலிக்கின்றன. அதற்குப் பதிலாக, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஆகவே அந்த 1 லட்சத்து 8 ஆயிரம் போனது போனதுதான். பிராண்டின் பேருக்காக மாதாமாதம் கொடுக்கும் ராயல்டிமேலும் இதே 18 சதவீதம். பிராண்டுக்காரர் கொடுத்த பளபள புத்தகத்தில் ‘வரி தனி’ என்று கொசு அளவு எழுத்தில் போட்டிருந்தது. பாதிக் கட்டணத்தை ஒரு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சி, அண்ணன் எடுத்த சீட்டுப் பணத்தையும் சேர்த்து ஒருவழியாக ஈடுகட்டினேன்.

பணத்தைவிட ஒப்பந்தம்தான் பாடாய்ப் படுத்தியது. கடன் ஐந்து வருஷத்துக்கு, கடை வாடகைப் பத்திரம் 11 மாசத்துக்கு. கடனுக்குச் சமமாகப் பதிவு செய்த குத்தகை வேண்டும் என்றது வங்கி. கட்டடக்காரரிடம் போனேன்.

“பாய், அஞ்சு வருஷத்துக்கு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுங்க.”

“அஞ்சு வருஷம் எழுதிக் குடுத்துட்டா, அவசரத்துக்கு நான் எப்படித் தம்பி காலி பண்ணச் சொல்றது?”

மூன்று வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அவர் வரும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் ஒத்துக்கொண்டார். பதிவுச் செலவு என்னுடையது, வாசலில் இருக்கும் வேப்பமரத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டுக்கும் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து பிராண்டு அனுப்பிய வரைபடத்தை விரித்தால், மரம் நிற்கிற இடத்தில்தான் பெயர்ப் பலகை.