கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்: குறைந்த செலவில் ஆவணப்படம்

குறைந்த பணத்தில் ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும், லேசாக ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு காதில் விழவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். 1960களின் தொடக்கத்தில் ஆவணப்படங்கள் புது உயிர் பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், தோளில் சுமக்கும் 16 எம்எம் கேமராவோடு சிங்க் ஆகி, அதாவது ஒலியும் படமும் பொருந்தி, ஓடக்கூடிய சிறிய டேப் ரெக்கார்டர் கைக்கு வந்தது. மனிதர்கள் இருக்கும் இடத்துக்கே போய், அவர்கள் பேசுவதை அப்படியே பதிய முடிந்தது. இன்றைக்கும் ஆவணப்படத்தின் முதுகெலும்பு ஒலிதான்.

செலவில் பெரும்பகுதி கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஒரே இடம், மூன்று அல்லது நான்கு பேர், நினைத்தபோது போய்வரக்கூடிய தூரம்: இந்த மூன்றும் அமைந்தால் சின்னத் தொகையில் படம் முடியும். அந்த இடத்தில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பட்டறை மூடப்படப்போகிறது, ஒரு பருவம் தொடங்கி முடிகிறது, ஒருவர் தன் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்பதுபோல. பழைய செய்திக் காட்சிகளை நம்பி நிற்கும் விஷயங்களை முதல் படத்துக்கு எடுக்காதீர்கள். ஆவணக் காட்சிகளுக்கான உரிமைக் கட்டணம் பெரும்பாலும் நொடிக்கணக்கில் அல்லது நிமிடக்கணக்கில் போடப்படும். அது ஒன்றே முழு பட்ஜெட்டையும் விழுங்கிவிடும்.

கையில் இருப்பது 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் எங்கள் கணக்கு இப்படி: ஒலிக் கருவிகளுக்கு 25, பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் 30, ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 15, கடைசி ஒலிக்கலவைக்கு 15, எதிர்பாராததற்கு 15. கேமரா இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அது இரவலாக வரட்டும், இல்லையென்றால் கையில் இருக்கும் போனே போதும். பயணத்துக்கு அவ்வளவு ஏன் என்று தோன்றலாம். படப்பிடிப்பு நாட்கள் கூடக்கூடத்தான் மனிதர்கள் கேமராவை மறக்கிறார்கள். அந்த நாட்களுக்கு ஈடாக எந்த லென்ஸும் வராது.

இனி ஒலி. அடிப்படை ஒன்றுதான்: மைக்குக்கும் வாய்க்கும் இடையில் உள்ள தூரம். தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கேமராவின் மேல் செருகிய மைக், பேசுபவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அதே மைக்கைக் கழற்றி ஒரு கம்பில் கட்டி, தலைக்கு மேலே அரை மீட்டரில், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே பிடித்தால் குரல் 12 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். இதற்குத் தேவை ஒரு நீளமான கேபிளும் ஒரு கம்பும் மட்டும்.

ஆனால் முன்னால் வரும் ஒலியைக் குறிவைக்கும் நீண்ட ஷாட்கன் மைக்கைத் தாழ்ந்த கூரையுள்ள சின்ன அறையில் பயன்படுத்தாதீர்கள். பக்கவாட்டிலிருந்து திரும்பி வரும் ஒலியை அது ஒழுங்காகக் குறைக்காது, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அங்கே காலர் மைக்தான் கைகொடுக்கும். தாடைக்கு ஒரு சாண் கீழே, மார்பின் நடுவில் பொருத்துங்கள். சங்கிலி, பொத்தான், மொடமொடக்கும் துணி எதுவும் அதன்மேல் உரசக் கூடாது. சட்டைக்குள் மறைக்க வேண்டுமென்றால் மருத்துவ டேப்பை முக்கோணமாக மடித்து மைக்கின் இருபுறமும் ஒட்டி, துணிக்கும் தோலுக்கும் நடுவே அசையாமல் நிறுத்துங்கள். வயரில் ஒரு சின்ன வளையம் போட்டு அதையும் ஒட்டிவிட்டால் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது.

வயர்லெஸ் செட் வசதிதான். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடலே தடுக்கும். பேசுபவர் முதுகைத் திருப்பினாலோ, சுற்றிலும் ஆட்கள் கூடினாலோ ஒலி விட்டுவிட்டு வரும். பேசுபவர் மேல் மாட்டும் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வகையைத்தான் வாங்க வேண்டும். அதற்கும் காசில்லை என்றால், வயர் உள்ள காலர் மைக்கை ஒரு போனில் செருகி, விமானப் பயன்முறையில் வைத்து, பேசுபவரின் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். மிக மலிவான, மிக நம்பகமான வழி இது.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மீட்டரில் உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒலி அளவைக் கருவியே ஏற்றி இறக்கும் தானியங்கி லெவலை அணைத்துவிடுங்கள். அது இருந்தால், பேச்சு நின்ற ஒவ்வொரு இடைவெளியிலும் பின்னணி இரைச்சல் பொங்கி எழும், தொகுப்பில் அதைச் சரிசெய்ய வழியில்லை. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் லெவல் தவறைக் காப்பாற்றும். காற்று மோதிய ஒலியையோ மைக்கே திணறிப்போன ஒலியையோ காப்பாற்றாது. வெளியிடத்தில் பஞ்சு உறை போதாது, ரோமம்போல் இருக்கும் உறை வேண்டும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் இல்லாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடவே வேண்டாம்.

ஒலியையும் படத்தையும் தனித்தனிக் கருவியில் எடுத்தால் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவிலும் ஒரு கைதட்டல். முடிவில் எதற்கு என்றால், இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்) என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி. நீண்ட நேர்காணலில் சில ஃப்ரேம்கள் விலகி, உதடும் சொல்லும் பொருந்தாமல் போகும். இரண்டாவது தட்டல் இருந்தால் எவ்வளவு விலகியது என்று கண்ணால் பார்த்துத் திருத்தலாம்.

ஒவ்வோர் இடத்திலும் கிளம்பும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, 60 நொடி வெறும் அறையின் ஒலியைப் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை. மின்விசிறி, குளிர்சாதனம், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளே வையுங்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. பின்னணியில் ரேடியோவோ டிவியோ பாடிக்கொண்டிருந்தால் பணிவாக நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டிவரும் என்பது ஒரு பிரச்சினை. பேச்சை எங்கே வெட்டினாலும் பாட்டு தாவும் என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

இப்போது கேமராவுக்கு வருவோம். போனில் எடுப்பதானால் ஃப்ரேம் ரேட், ஃபோகஸ், எக்ஸ்போஷர் (ஒளி அளவு), வெள்ளைச் சமநிலை (நிறம்) நான்கையும் பூட்டவிடும் செயலி ஒன்று வேண்டும். போனோடு வரும் கேமரா செயலிகள் பலவும் ஃப்ரேம் ரேட்டைத் தாமாகவே ஏற்றி இறக்கும். அந்தக் கோப்பு தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் போட்டதும் ஒலியிலிருந்து மெல்ல விலகும். ஏற்கெனவே அப்படி எடுத்துவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'மாறாத ஃப்ரேம் ரேட்' தேர்ந்து மாற்றிய பிறகே தொகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இடத்தில் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்) 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு நொடி. 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 60 அல்லது 120. மாற்றி வைத்தால் விளக்குகள் துடிப்பது படத்தில் பட்டையாக ஓடும். சில மலிவு எல்இடி விளக்குகள் எந்த ஷட்டருக்கும் அடங்காது, ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிடுங்கள். நல்ல வெயிலில் ஷட்டரை 50இலேயே வைக்க லென்ஸுக்கு முன் ஓர் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) தேவை, ஏனெனில் பெரும்பாலான போன்களில் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, மாறாது.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது மைக் துளை, ஹெட்போன் துளை, தொடர்ந்து ஓடும் நேரம், சூடாகி நிற்குமா என்பது. பல பழைய மாடல்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். உருக்கமான நேர்காணலின் நடுவில் அது நின்றது தெரியாமலே போகலாம். மிச்சக் காசு இருந்தால் லென்ஸுக்குப் போடாமல் எண்ணெய் போல நகரும் தலையுள்ள நல்ல ட்ரைபாடுக்குப் போடுங்கள்.

நேர்காணலுக்கு ஒரு ஜன்னல் போதும். அதைப் பேசுபவரின் பக்கவாட்டில் வரவிட்டு, அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் முகத்தில் இரண்டு நிறம் கலக்கும். முதுகுக்கும் சுவருக்கும் 2 மீட்டராவது இடம். சுழலும் நாற்காலி, கிறீச்சிடும் நாற்காலி வேண்டாம். கேள்வி கேட்பவர் லென்ஸை ஒட்டி, அதே உயரத்தில் உட்கார வேண்டும். கேமரா ஒன்றே ஒன்று என்றால் நேர்காணலை மட்டும் 4கேயில் எடுத்து 1080 டைம்லைனில் வையுங்கள். வெட்டிப் பெரிதாக்கினாலும் தெளிவு போகாது என்பதால் அகலமாகவும் நெருக்கமாகவும் இரண்டு ஃப்ரேம் கிடைக்கும், வெட்டுகளும் மறையும்.

கேள்வி படத்தில் வராது என்பதை முதலிலேயே சொல்லி, பதிலை முழு வாக்கியமாகத் தொடங்கச் சொல்லுங்கள். "எத்தனை வருஷமா?" என்றால் "முப்பது" என்றுதான் வரும். "இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்" என்றால் படம் கிடைக்கும். பேசும்போது "ம்ம்" போடாமல் தலையை மட்டும் அசையுங்கள். பதில் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவர் தானாகச் சொல்வதுதான் பெரும்பாலும் படத்தில் நிற்கும்.

சுற்றுக் காட்சிகளில், அதாவது நேர்காணலுக்கு நடுவே வரும் இடம், வேலை, பொருள் காட்சிகளில், எல்லோரும் செய்யும் தவறு, ஷாட்டைச் சீக்கிரம் நிறுத்துவது. ஒவ்வொன்றையும் குறைந்தது 10 நொடி அசைக்காமல் பிடியுங்கள். ஒருவர் வேலை செய்கிறார் என்றால் கைகள், முகம், கைகளும் முகமும் சேர்ந்த அகல ஷாட், அவர் தோள்மேலிருந்து அவர் பார்ப்பது, பிறகு யாரும் எதிர்பாராத ஒரு கோணம். இந்த ஐந்தும் இருந்தால் ஒரு மணி நேர வேலையை ஒரு நிமிடமாகச் சுருக்கலாம். அந்த வேலையின் சத்தத்தை மைக்கை அருகில் கொண்டுபோய்த் தனியாகவும் பதியுங்கள்.

நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் கோப்பு மணிக்கு 45 ஜிகாபைட். அரை மணி நேரப் படத்துக்கு 20 மணி நேரம் எடுப்பது சாதாரணம், அதாவது 900 ஜிகாபைட். இரண்டு பிரதி வேண்டும், இரண்டும் வேறுவேறு டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். ஆகவே 2 டெராபைட் டிஸ்க் இரண்டு. கார்டிலிருந்து கிளிப்களை மட்டும் பொறுக்காமல் முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். பல கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிகாபைட் துண்டுகளாக உடைத்து வைக்கும், சேர்க்கும் தகவல் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். நகல் அசலோடு அப்படியே பொருந்துகிறதா என்று செக்சம் பார்க்கும் நகல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு பிரதியையும் திறந்து பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

தொகுப்பு மேசைக்கு முன் தாளில் தொகுங்கள். எல்லா நேர்காணலையும் டைம்கோடோடு (எந்த நிமிடம், எந்த நொடி என்ற குறிப்போடு) எழுத்தாக்க வேண்டும். கையால் அடித்தால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். 2022இல் வெளியான விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் இலவசக் கருவிகள் சொந்தக் கணினியிலேயே முதல் பிரதியைத் தந்துவிடும். வட்டார வழக்கில் தடுமாறும், ஒருமுறை கேட்டுத் திருத்தத்தான் வேண்டும். பிறகு வரிகளை வெட்டி, தரையில் பரப்பி, வரிசை மாற்றிப் பாருங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்த அளவுப் படத்துக்குத் தாராளம். கணினி திணறினால் 720 உயரத்தில் ப்ராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல், உருவாக்கிக்கொள்ளுங்கள். முதல் தோராயத் தொகுப்பை (ரஃப் கட்), விஷயமே தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். போனை எடுத்த இடம் தொய்வான இடம்.

இசையில் ஒரு கண்ணி இருக்கிறது. படைப்பாளர் சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றாலே இலவசம் என்று பலர் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். உரிமத்தின் பெயரில் 'என்டி' (தழுவல் கூடாது) இருந்தால் படத்தில் சேர்க்கவே கூடாது, ஏனெனில் இசையைக் காட்சியோடு இணைப்பதே தழுவல் என்று அந்த உரிமங்கள் சொல்கின்றன. 'என்சி' இருந்தால் படத்தை விற்க முடியாமல் போகும். 'எஸ்ஏ' இருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட நேரும். வெறும் 'பிஒய்' என்றால் பெயர் போட்டால் போதும். திரைப்பட விழாவுக்கு மட்டும் உரிமம் வாங்குவதும் பிறகு கையைக் கடிக்கும். இணையத்தில் போடும்போது மறுபடி பணம் கேட்பார்கள்.

ஒப்புதல் படிவத்தைப் படம் பிடித்த அன்றே வாங்குங்கள். எழுதப் படிக்க முடியாதவர் என்றால் அவர் மொழியில் வாசித்துக் காட்டி, அவர் சம்மதிப்பதைக் கேமராவிலேயே பதியுங்கள். படம் வெளியானால் ஆபத்து வரக்கூடியவருக்கு முகத்தை மங்கலாக்குவது மட்டும் காப்பு ஆகாது. குரல், சுவரில் தொங்கும் படம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். அவரிடம் இறுதித் தொகுப்பைப் போட்டுக் காட்டிய பிறகே அதை முடிவு செய்ய வேண்டும். இதில் செலவைக் காரணம் காட்ட இடமில்லை.

ஒலிக்கலவையில் பேச்சை முதலில் சரிசெய்து, மற்றதெல்லாம் அதன் கீழே வரட்டும். ஐரோப்பிய ஒளிபரப்பு விதி மைனஸ் 23 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு), யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14. இரண்டு பிரதி எடுத்துவையுங்கள். சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு நொடிக்குக் குறைவாக எதுவும் நிற்கக் கூடாது. தமிழில் எழுத்துப் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா என்று ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும்.

திரையரங்கில் போட டிசிபி, அதாவது திரையரங்குக்கான டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு, கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்யலாம். டிசிபியின் பழைய இன்டெரோப் முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் கிடையாது, புதிய எஸ்எம்பிடிஇ முறையில் உண்டு. விழாக்காரர்களிடம் எது வேண்டும் என்று கேட்டபிறகே உருவாக்குங்கள். படத்தைப் பொதுவில் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் விழா விதிகளில் 'முதல் திரையிடல்' பற்றிய பகுதியைப் படியுங்கள். பல விழாக்கள் ஏற்கெனவே பொதுவில் வந்த படத்தை எடுப்பதில்லை. அதுவரை கடவுச்சொல் உள்ள இணைப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நுழைவுக் கட்டணம் இல்லாத விழாக்களிலிருந்து அனுப்பத் தொடங்குங்கள்.