ஆகாயத்தாமரைக்கு விலை போட்டிருந்த காலம்

இரண்டு மாதமாக ராத்திரி தூங்கப் போகும் முன் நான் படிப்பது பழைய நர்சரி கேட்லாக்குகளைத்தான். நூறு நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் பிரான்சிலும் செடி விற்றவர்கள் வாடிக்கைக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பிய விலைப்பட்டியல்கள். அல்லி, தாமரை, கொடி, கிழங்கு, பனை எல்லாம் படத்தோடு இருக்கும், பக்கத்திலேயே விலையும் எப்படி நடுவது என்ற குறிப்பும் இருக்கும். கதை எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு பக்கத்தைத் திறந்தால் அடுத்ததைத் திறக்காமல் மூட முடியவில்லை.

ஆரம்பித்தது மொட்டை மாடித் தொட்டியால். அல்லி வளர்க்க ஆசைப்பட்டு, இணையத்தில் ஒரு கடையில் 'நீலத்தாமரை விதை' என்று போட்டிருந்ததை வாங்கினேன். படத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பெரிய தாமரை. வந்தது ஏதோ ஒரு கறுப்பு விதை, மூன்று வாரம் தண்ணீரில் கிடந்து அழுகிப்போனது. அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். தாமரை இனத்தில் நீலம் என்ற நிறமே கிடையாது. உலகத்தில் தாமரை மொத்தம் இரண்டே வகை: நம்முடையது இளஞ்சிவப்பும் வெள்ளையும், வட அமெரிக்காவினுடையது வெளிர் மஞ்சள். நீலமாகப் பூப்பதெல்லாம் அல்லிக் குடும்பம். இதை யாராவது எளிமையாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடியபோது, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது ஒரு பழைய அமெரிக்கக் கேட்லாக்.

இவை இன்று நம் கைக்குக் கிடைப்பதே பெரிய விஷயம். விலைப்பட்டியலை யார் பத்திரப்படுத்துவார்கள்? அடுத்த வருடப் புத்தகம் வந்ததும் பழசு அடுப்புக்குப் போகும். அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த பெர்சி ரிக்கர் என்ற தாவரவியலாளர் 1904-இல் இவற்றைச் சேர்க்க ஆரம்பித்தார். இன்று மேரிலாந்தில் இருக்கும் தேசிய வேளாண்மை நூலகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. அதில் ஏராளமானவற்றை ஸ்கேன் செய்து 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' தளத்தில் போட்டிருக்கிறார்கள், காசு எதுவும் வேண்டாம். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நீர்ச்செடி என்றால் அந்தக் காலத்து அமெரிக்காவில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நியூஜெர்சியில் போர்டன்டவுனில் எட்மண்ட் ஸ்டர்டெவன்ட். ஃபிலடெல்பியாவில் 1838-இல் தொடங்கிய ஹென்றி டிரியரின் நிறுவனம், அதற்கு ரிவர்டனில் அல்லிக்கென்றே குளங்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கிய வில்லியம் டிரிக்கர். குளம் இல்லாதவர்களுக்கும் இவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒரு மரப்பீப்பாயைக் குறுக்கே பாதியாக அறுங்கள், அடியில் கனமான மண்ணும் நன்றாக மட்கிய மாட்டுச் சாணமும் கலந்து போடுங்கள், கிழங்கை வையுங்கள், மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்புங்கள், அப்புறம் தண்ணீர் விடுங்கள். மேல் மணல் எதற்கென்றால், தண்ணீர் விடும்போது சாணம் கலங்கி மேலே வராமல் இருக்க. என் தொட்டியில் நான் விட்ட தப்பு இதுதான். மணல் போடாமல் ஒரு மாதம் பச்சைக் குழம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் விற்றதில் நம்மூர்த் தாமரையும் உண்டு. அதன் பெயரைப் பார்த்துத்தான் அசந்துபோனேன்: 'எகிப்தியத் தாமரை'. எகிப்து என்றால் அன்றைக்கு அங்கே ஒரு மயக்கம், பெயரிலேயே பிரமிடு தெரிய வேண்டும். ஆனால் பழைய எகிப்தியச் சுவர் ஓவியங்களில் கையில் பிடித்து முகர்ந்து பார்க்கிறார்களே அந்தப் பூ, அது நீல அல்லியும் வெள்ளை அல்லியும். தாமரை பாரசீகர் காலத்தில்தான் நைல் பக்கம் போனது. ஆசியாவின் குளங்களிலிருந்து போன ஒரு செடி, இடையில் தங்கிய ஊரின் பெயரில் நியூஜெர்சியில் விலை போயிருக்கிறது. எனக்கு இதில் கோபம் இல்லை, ஆனால் பெயரைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

நம்மூர்ச் செவ்வல்லியின் கதை இன்னும் அழகு. இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜோசப் பாக்ஸ்டன், இந்தியாவிலிருந்து போன செவ்வல்லியையும் ஆப்பிரிக்க வெள்ளை அல்லியையும் சேர்த்து 1851 வாக்கில் ஓர் ஒட்டு ரகம் உண்டாக்கினார். தன் எஜமானர் டெவன்ஷைர் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார். இரவில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடும் அந்தச் சிவப்புப் பூ, அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அமெரிக்கக் கேட்லாக்குகளில் 'டெவோனியென்சிஸ்' என்ற பெயரில் விற்பனையில் இருந்தது. நம் குளத்துப் பூவின் பேத்தி அது.

இதே பாக்ஸ்டன்தான் 1849 நவம்பரில் அமேசானின் ராட்சத அல்லியை, விக்டோரியாவை, இங்கிலாந்தில் முதலில் பூக்க வைத்தவர். தன் சின்ன மகளை அதன் இலை மேல் நிற்க வைத்தார். அன்றிலிருந்து கேட்லாக்குகளில் விக்டோரியா என்றால் இலை மேல் ஒரு குழந்தை இருந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்தச் செடியின் விதை காய்ந்தால் செத்துவிடும். முதலில் கயானாவிலிருந்து உயிரோடு லண்டன் போய்ச் சேர்ந்த விதைகள், சுத்தமான தண்ணீர் நிரப்பிய சின்னக் குப்பிகளில் போனவை. நல்ல தண்ணீரில் போட்டு அனுப்பலாமே என்ற யோசனை வருவதற்குள் எத்தனை பொட்டலம் விதை கப்பலில் வீணாகியிருக்கும்!

பிரான்சுக்கு வருவோம். தெற்கில் தாம்ப்ளு-சுர்-லோத் என்ற சின்ன ஊரில் 1875-இல் லத்தூர்-மார்லியாக் என்பவர் ஒரு நர்சரி தொடங்கினார். அதுவரை ஐரோப்பாவின் குளிரைத் தாங்கும் அல்லி என்றால் வெள்ளை மட்டும்தான். நம்மூரில் சிவப்பும் நீலமும் கொட்டிக் கிடப்பதால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று நமக்குச் சட்டென்று புரியாது. அவர் மெக்சிகோவின் மஞ்சள் அல்லி, ஸ்வீடனில் கிடைத்த அபூர்வமான சிவப்பு அல்லி என்று தேடிப் பிடித்து வெள்ளையோடு சேர்த்து மஞ்சள், ரோஜா நிறம், செம்பு நிறம், அடர்சிவப்பு என்று வரிசையாக உண்டாக்கினார். இவற்றில் பெரும்பாலானவை விதை கட்டாது, கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்க முடியும். அதனால் யாருக்கு எது வேண்டுமானாலும் அவர் கேட்லாக்கைப் பார்த்து எழுதித்தான் வாங்க வேண்டும். 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் அல்லிகளை எல்லாரும் பார்த்தார்கள். 1894-இல் அவரிடம் செடி கேட்டு எழுதியவர்களில் ஒருவர், கிவெர்னியில் புதிதாகக் குளம் வெட்டியிருந்த ஓவியர் கிளோத் மோனே. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த அல்லி ஓவியங்களுக்கான செடிகள் ஒரு விலைப்பட்டியலிலிருந்து வந்தவை. அந்த நர்சரி இன்னும் இருக்கிறது, மோனேயின் ஆர்டர் காகிதமும் அங்கே இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன சம்பவம் உண்டு, எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானது அதுதான். 1893-இல் மோனே பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பக் கேட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளியூரிலிருந்து கொண்டுவரும் இந்தச் செடியெல்லாம் தண்ணீரைக் கெடுத்துவிடும், கீழே துணி துவைக்கிறோம், மாடு குடிக்கிறது என்றார்கள். மோனேவுக்குக் கோபம் வந்தது, அதிகாரிகளுக்கு எழுதினார், கடைசியில் அனுமதியும் கிடைத்தது. மோனேவைப் பற்றி எழுதும் எல்லாரும் இந்த ஊர்க்காரர்களை ஒன்றும் தெரியாதவர்களாகக் காட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அந்த ஓடையைப் பொறுத்தவரை அவர்கள் பயம் பலிக்கவில்லை, சரி. ஆனால் அதே வருடங்களில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

ஒரு ராத்திரி அமெரிக்கக் கேட்லாக் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குண்டு குண்டான காம்பு, கரண்டி மாதிரி பளபளக்கும் இலை, கொத்தாக ஊதாப் பூ, மேல் இதழில் மயிலிறகுக் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. பக்கத்தில் சென்ட் கணக்கில் விலை. கூடவே புகழ்ச்சி: மண் வேண்டாம், தண்ணீரில் போட்டாலே போதும், வேகமாகப் பெருகும். எங்கேயோ பார்த்த செடியாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று அம்மா சொன்னாள்: "இது நம்ம ஊருணியில கெடக்குற ஆகாயத்தாமரைடா. இதைப் போய் யாரு காசு குடுத்து வாங்குனா?"

வாங்கினார்கள் அம்மா, ஆசையாக வாங்கினார்கள். (வெங்காயத்தாமரை என்று சொல்கிற ஊர்களும் உண்டு, அந்தக் காம்பைப் பார்த்தால் அதுதான் பொருத்தமான பெயர்.) அமேசான் பக்கத்துச் செடி இது. 1884-இல் நியூ ஆர்லியன்சில் நடந்த பருத்திக் கண்காட்சியில் மக்கள் கண்ணில் பட்டது என்பார்கள். டிரியர், நியூயார்க் பக்கத்து ஜான் லூயிஸ் சைல்ட்ஸ் மாதிரியான பெரிய கடைகள் விற்றன. ஃபுளோரிடாவில் பலாட்கா ஊருக்கு அருகே 1890 வாக்கில் ஒரு வீட்டுக் குளத்தில் இது மிதமிஞ்சிப் பெருகிவிட, அதிகமானதை எடுத்து செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் போட்டார்கள். ஆற்றங்கரையும் அழகாக இருக்கட்டுமே என்ற எண்ணம்தான். 1897-இல் அமெரிக்க அரசு இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று, நீராவிப் படகுகள் நகர முடியவில்லை. 1910-இல் லூயிசியானாவின் ராபர்ட் புரூசார்ட் என்ற உறுப்பினர் ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளைக் கொண்டுவந்து இதைத் தின்ன விடலாம், அவற்றின் இறைச்சியையும் சாப்பிடலாம் என்று நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

நம் பக்கமும் அலங்காரச் செடியாகத்தான் நுழைந்தது. இலங்கையில் 1909-லேயே இதற்கெதிராகச் சட்டம் போட்டார்கள். வங்காளத்தில் நெல் வயலும் படகுப் பாதையும் மூடிக்கொண்டு, 1936-இல் அங்கேயும் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்து என்ன, ஒரு செடி இரண்டாக ஒன்றிரண்டு வாரம் போதும்.

கேட்லாக்கில் எதையெல்லாம் புகழ்ந்தார்களோ அதேதான் ஆற்றில் வினையானது. பராமரிப்பு வேண்டாம் என்றால் தானே பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம், சீக்கிரம் பெருகும் என்றால் நம்மால் நிறுத்த முடியாது என்று அர்த்தம். விற்றவர்கள் பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தை கூட. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்தக் கேட்லாக்குகளை ஏமாற்றுக்காரர்களின் விளம்பரமாகப் பார்த்தால் நமக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. ரிச்சர்ட் மேக் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1991-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில், இன்றைக்கு அங்கே களையாகத் திரிகிற பல செடிகள் ஒரு காலத்தில் விதை வியாபாரிகள் பட்டியல் போட்டு விற்றவை என்று காட்டினார். எந்தச் செடி எந்த வருடம் எந்த ஊருக்குப் போனது என்பதற்கு இந்த விலைப்பட்டியலை விட நேர்மையான சாட்சி வேறு எது? பெரிய தாவரவியல் நூல்களில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். ஈரப் பாசியில் கிழங்கைச் சுற்றிப் பெட்டியில் வைத்து ஆயிரம் வீட்டு வாசலுக்கு அனுப்பியவர் பெயர் இதில்தான் இருக்கிறது. நம்மூர் நர்சரிகளும் எத்தனையோ வருடமாகப் பட்டியல் அச்சடித்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, போட்டோ எடுத்தாவது வையுங்கள்.

என் தொட்டி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். பக்கத்துத் தெரு நர்சரியில் நேரில் போய் ஒரு செவ்வல்லிக் கிழங்கு வாங்கினேன். இரண்டு பங்கு வண்டல் மண், ஒரு பங்கு மட்கிய சாணம், மேலே மணல், அந்தப் பழைய கேட்லாக்கில் சொன்னபடியே. பதினொரு நாளில் முதல் இலை மேலே வந்தது, ஆறாவது வாரம் ஒரு ராத்திரி எட்டு மணிக்குப் பூ விரிந்தது. அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அத்தையைப் போனில் கூப்பிட்டாள். கிழங்கோடு கூடவே நாலைந்து ஆகாயத்தாமரைக் கன்றும் வந்திருந்தது, நான் முதலில் கவனிக்கவில்லை, போன வாரம் பார்த்தால் பாதித் தொட்டி அதுதான். எல்லாவற்றையும் வேரோடு எடுத்து மொட்டை மாடித் தரையில் பரப்பியிருக்கிறேன். நாலு நாள் வெயிலில் நன்றாகச் சருகாகக் காய்ந்த பிறகு முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் போட வேண்டும். ஒன்று கூட வாய்க்கால் பக்கம் போகக் கூடாது என்று தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.