வெளி மெக்கானிக்கிட்ட கார் ஆயில் சேஞ்ச் பண்ணேன், எப்படி போச்சுன்னா

வண்டி 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல், வாரண்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. இவ்ளோ நாளா கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே விட்டுட்டு இருந்தேன், இந்த தடவ அங்க குடுத்த எஸ்டிமேட்ல ஆயிலு, ஃபில்டரு போக எஞ்சின் ட்ரீட்மென்ட், த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், பாலிஷ்னு அனுமார் வால் மாதிரி லிஸ்ட் நீளுது, மொத்தம் 8,000 கிட்ட வருது. ஆயில் சேஞ்ச் மட்டும் போதுங்கன்னா "பேக்கேஜ்ல வருது சார்"ங்கறாங்க. சரி, வேணாம்னு வந்துட்டேன்.

அம்பத்தூர்ல வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட் இருக்கு, ஒரு மெக்கானிக் அண்ணா, ரெண்டு பசங்க, ஒரு டூ போஸ்ட் லிஃப்ட், அவ்ளோதான். போர்டு கூட வெளுத்துப் போயிருக்கும். ஆனா எப்பவும் நாலஞ்சு வண்டி நிக்கும், அதுல கொறஞ்சது ரெண்டு கால் டாக்ஸியா இருக்கும். டாக்ஸிக்காரங்க ஒரு எடத்துக்கு திரும்பத் திரும்ப வர்றாங்கன்னா அதுக்கு மேல ரிவ்யூ எதுவும் பாக்க தேவையில்லங்கறது என் கணக்கு.

போய் கேட்டேன். "ஆயில் நீங்க வாங்கிட்டு வந்தாலும் சரி, நான் போட்டாலும் சரி, லேபர் 400"ன்னாரு. நீங்க போட்டா என்ன ஆயில்னு கேட்டேன், பேரல்ல இருந்து லூஸ்ல 20டபிள்யூ40. "நம்ம ஊரு வெயிலுக்கு திக்கான ஆயில்தான் சார் நிக்கும், இந்த தண்ணி மாதிரி ஆயிலெல்லாம் குளுரு தேசத்துக்கு"ன்னாரு. இத நெறைய பேர் சொல்லி கேட்டிருப்பீங்க. அவர் பொய் சொல்லல, அம்பாசிடர், பழைய டீசல் வண்டி எல்லாம் பாத்த கை, அந்த வண்டிக்கெல்லாம் அது சரிதான். ஆனா 20டபிள்யூ40, 5டபிள்யூ30ன்னு போடறதுல கடைசில வர்ற 40, 30ங்கற நம்பர் ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ திக்கா இருக்கும்ங்கறதுக்கு. வெளிய 25 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடுற எஞ்சின தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் சேந்து 90 டிகிரி பக்கத்துலயே வச்சிருக்கும், அதனால சென்னை வெயில வச்சு கிரேட் மாத்துறதுல பெருசா அர்த்தம் இல்ல. முன்னாடி இருக்க டபிள்யூ நம்பர் கோல்டு ஸ்டார்ட்டுக்கு, அது சின்னதா இருந்தா காலைல சாவி போட்டதும் ஆயில் சீக்கிரம் மேல ஏறும். அதோட இந்த கே சீரிஸ் எஞ்சின்ல விவிடி (வால்வு தொறக்குற நேரத்த வேகத்துக்கு ஏத்த மாதிரி மாத்துற அமைப்பு) இருக்கு, அது ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யும், சின்ன சின்ன ஓட்டை வழியா ஆயில் போகணும். மேனுவல்ல என் வண்டிக்கு 5டபிள்யூ30 போட்டிருக்கு, அதுக்கு மேல பேச்சு இல்ல. 2 லட்சம் ஓடி ஆயில் குடிக்கிற வண்டின்னா திக்கா போடலாமான்னு யோசிக்கலாம், அது வேற கதை.

அண்ணாகிட்ட இவ்ளோ லெக்சர் எல்லாம் அடிக்கல, "புக்ல போட்டதே வாங்கியாரேண்ணா"ன்னேன், "உங்க இஷ்டம் சார்"னுட்டாரு.

ஆயில் வாங்க ஜி.பி. ரோடு போனேன், சென்னைல வண்டி சாமான் கடைங்க வரிசையா இருக்க ரோடு. ஆன்லைன்லயும் கிடைக்கும்தான், ஆனா டூப்ளிகேட் பயம். ஜி.பி. ரோட்டுக்கு கார எடுத்துட்டு போகாதீங்க, நிறுத்த எடமே கிடைக்காது, மெட்ரோல போய் நடந்துடுங்க. அங்கயும் கண்ணுல பட்ட முதல் கடைல வாங்காம, பிராண்டோட டிஸ்ட்ரிபியூட்டர் போர்டு இருக்க கடையா பாத்து பில் போட்டு வாங்கினேன். 3.5 லிட்டர் கேன், ஏபிஐ எஸ்பி கிரேட் (ஆயிலோட தரத்தக் காட்டுற குறியீடு), ஃபுல்லி சிந்தடிக், 1,600 சொச்சம். மூடி சீல், கேன்ல அடிச்சிருக்க பேட்ச் நம்பர், தேதி எல்லாம் அழிஞ்சு கிழிஞ்சு இல்லாம இருக்கான்னு பாத்துக்கங்க. மாருதி ஜெனுயின் ஆயில் ஃபில்டர், கூடவே ட்ரெயின் போல்ட் (பழைய ஆயில எறக்க எஞ்சினுக்கு அடில இருக்க போல்ட்) வாஷர் ஒண்ணு. வாஷர் கேட்டப்ப கடைக்காரரே ஒரு மாதிரி பாத்தாரு, யாரும் கேக்க மாட்டாங்க போல.

ஸ்பேர் பார்ட்ஸ் வெளிய கிடைக்கிறது பத்தி ஒரு விஷயம். 2014 ஆகஸ்ட்ல காம்படிஷன் கமிஷன் (மார்க்கெட்ல போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற அரசு அமைப்பு) 14 கார் கம்பெனிக்கு மொத்தம் 2,544 கோடி அபராதம் போட்டாங்க, ஒரிஜினல் பார்ட்ஸ வெளி மார்க்கெட்டுக்கு விடாம, வெளி மெக்கானிக்குக்கு டூல்ஸ் குடுக்காம வச்சிருக்காங்கன்னு. அப்புறம் அப்பீல், கோர்ட்டுன்னு இழுத்தது, ஆனா சண்டை எதுக்குன்னு பாருங்க, நம்ம தெரு மெக்கானிக்குக்காகத்தான்.

சனிக்கிழமை காலைல போனேன். ஷெட்டுக்கு ஓட்டிட்டு போன தூரத்துலயே எஞ்சின் சூடாயிருந்துச்சு, அண்ணா கொஞ்ச நேரம் ஆறட்டும்னு விட்டாரு. வெதுவெதுன்னு இருந்தா ஆயில் எளக்கமா கீழ எறங்கும், கொதிக்கக் கொதிக்க தொறந்தா பையன் கை வெந்துரும். லிஃப்ட்ல ஏத்தி, மேல ஆயில் மூடிய தொறந்து வச்சிட்டு, கீழ போல்ட்ட கழட்டினதும் கருப்பா சர்ருன்னு ஊத்துச்சு. அண்ணா ரெண்டு விரல்ல தொட்டு தேச்சுப் பாத்தாரு, இரும்புத் தூள் ஏதும் நெருடுதான்னு. ஒண்ணும் இல்ல. ஆயில் கருப்பா இருந்தாலே கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேணாம், அழுக்க அது தனக்குள்ள இழுத்து வச்சிருக்கு, அதான் அதோட வேலையே.

பெருசா ஊத்துறது நின்னு நூல் மாதிரி ஆகி, அப்புறம் சொட்டு சொட்டா விழ ஆரம்பிச்சதும் பையன் போல்ட்ட போட வந்தான், அண்ணா ஒரு அதட்டு அதட்டுனாரு, "சொட்டு நிக்கட்டும்டா". எனக்கு அந்த எடத்துலதான் இந்த ஷெட் மேல நம்பிக்கையே வந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காபி குடிச்சிட்டு உக்காந்திருக்கறப்ப இதெல்லாம் நமக்கு எங்க தெரியப் போகுது.

பழைய வாஷர் போல்ட்டோட ஒட்டிப் போய் ஒரு பக்கம் தகடு மாதிரி நசுங்கியிருந்துச்சு. போன சர்வீஸ்ல மாத்தவே இல்லன்னு பாத்தாலே தெரியுது, பில்லுல மட்டும் இதே வாஷருக்கு "ட்ரெயின் ப்ளக் கேஸ்கெட்"னு காசு போட்டிருக்காங்க. வயிறு எரிஞ்சுது. புதுசு போட்டு முதல்ல கையாலயே முறுக்கி, கடைசிலதான் ஸ்பேனர் வச்சாரு. வெறித்தனமா முறுக்கினா மரை போயிடும், அப்புறம் சம்ப் (அடில ஆயில் நிக்கிற தொட்டி) செலவு.

ஃபில்டர் கழட்டினதும் அண்ணா பண்ண முதல் வேலை, பழைய ரப்பர் ரிங்கு பழைய ஃபில்டரோட வந்துச்சா இல்ல எஞ்சின்லயே ஒட்டிட்டு நிக்குதான்னு பாத்தது. அது ஒட்டியிருக்கறது தெரியாம புதுசப் போட்டா ரெண்டு ரிங்கு ஆயி, ஸ்டார்ட் பண்ணதும் மொத்த ஆயிலும் ரோட்ல. புது ரிங்குல விரலால புது ஆயில் தடவி, கையாலயே டைட் பண்ணாரு.

ஊத்துறப்ப 3.5 லிட்டரையும் கவுக்காம 3 லிட்டர் கிட்ட ஊத்தி நிறுத்தினாரு. ஸ்டார்ட் பண்ணதும் டேஷ்போர்டுல ஆயில் லைட் ஒரு செகண்டு ரெண்டு செகண்டு எரிஞ்சு அணைஞ்சுது, காலி ஃபில்டர் நெறையறதுக்கு அந்த நேரம் வேணும், அதுக்குள்ள ஆக்சிலரேட்டர் மிதிக்கக் கூடாது. கீழ டார்ச் அடிச்சு லீக் பாத்துட்டு, ஆஃப் பண்ணி, வண்டிய சமமான தரைல எறக்கி கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டுற கம்பி) பாத்தோம். இதுல அவசரப்படாதீங்க, மேல இருக்க ஆயில் எறங்கி வரணும், எறங்கறதுக்குள்ள பாத்தா கம்மியா காட்டும், நாம இன்னும் ஊத்துவோம். ஜாஸ்தியானா உள்ள சுத்துற கிராங்க் தண்டு ஆயில அடிச்சு நுரை கட்டிடும், கம்மியா இருக்கறத விட அது ஒண்ணும் நல்லது இல்ல. ரெண்டு குறிக்கு நடுவுல நின்னுச்சு, இன்னும் கொஞ்சம் விட்டு மேல் குறிக்கு சத்தே கீழ நிறுத்தினாரு. மிச்ச ஆயில் டிக்கில இருக்கு.

எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சின் உள்ள கழுவுற கெமிக்கல்) போடவான்னு பையன் கேட்டான், வேணாம்னேன். ஒழுங்கா 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முன்னாடியோ அதுல மாத்துற வண்டிக்கு அது தேவையில்ல.

பழைய ஆயில என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். பேரல்ல சேத்து வச்சு வெலைக்குக் குடுத்துருவாராம், சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிட்டுப் போவாங்களாம். இது ஊர் முழுக்க நடக்கறதுதான், ஆனா ரூல்ஸ் படி கழிவு ஆயில் அபாயக் கழிவு, பதிவு பண்ண ரீசைக்கிளருக்குத்தான் போகணும். சொன்னேன், "அவங்க வந்து எடுத்தா குடுத்துடுறேன் சார், யாரு வர்றா"ன்னாரு. அதுக்கு எங்கிட்டயும் பதில் இல்ல. ஆயில் கேன் காலியாச்சுன்னா முழுசா பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க, கத்தியால கிழிச்சுப் போடுங்க, இல்லன்னா டூப்ளிகேட் ஆயில் அதுக்குள்ளதான் வரும்.

ஆயில், ஃபில்டர், வாஷர், லேபர் எல்லாம் சேத்து 2,200 கூட ஆகல. மறுநாள் காலைல வண்டிக்குக் கீழ அட்டை போட்டுப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சென்சார் கோளாறுன்னா இதே ஷெட்டுக்கு போவேனான்னு கேட்டா, மாட்டேன், அவர்கிட்ட ஸ்கேனர் கிடையாது. ஆயில், பிரேக் பேட், கூலன்ட்டுக்கு இனிமே இங்கதான். கடை பில்லயும் அண்ணா பேப்பர்ல எழுதிக் குடுத்த கிலோமீட்டர், தேதியையும் சர்வீஸ் புக்குலயே சொருகி வச்சிருக்கேன், வண்டிய விக்கறப்ப வாங்குறவன் ஹிஸ்டரி கேப்பான்ல.