தொடாமல் எழும் நாதம்

இன்று ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே தெரமின் என்ற மின்னணு இசைக்கருவியைத் தனி வாத்தியமாகக் கேட்டேன். இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அதன் நிமிர்ந்த ஆன்டெனாக் கம்பியை வலக்கை நெருங்க நெருங்க ஸ்ருதி ஏறுகிறது. வளைந்த கம்பியின் மேல் இடக்கையைத் தாழ்த்தினால் ஒலி அடங்குகிறது. எதையும் தொடுவதே இல்லை! ஆர்மோனியம்போலக் கட்டை இல்லை, வீணைபோல மெட்டு இல்லை, காதுதான் வழிகாட்டி. உடம்பு சற்று அசைந்தாலும் ஸ்வரம் பிசகிவிடும் என்பதால் வாசித்தவர் சிலைபோல நின்றார். விரல் நுனி மட்டும் மெல்ல நடுங்கியது. வயலின்கள் ஓய்ந்த நொடியில் அந்த நடுக்கம் மனிதக் குரலாகவே கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரஷ்யரான லெவ் தெரமின் 1920 வாக்கில் உருவாக்கிய கருவி இது. 1929-ல் கிளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு அவரே வாசித்திருக்கிறார். வயலினிலிருந்து இதற்கு வந்த கிளாரா ராக்மோரின் ஒலிப்பதிவுகளை அவசியம் தேடிக் கேளுங்கள்.