சிஆர் மாத்திரை கிடைக்காதபோது

“சிஆர் ஸ்டாக் இல்லம்மா, இது இருக்கு.”

இன்று பெங்களூரு அல்சூரில் ஒரு மருந்துக்கடை. வலிப்புக்கு கார்பமாசெபின் சிஆர் (CR, கன்ட்ரோல்டு ரிலீஸ்) 200 கேட்ட அக்காவிடம் சாதா 200-ஐ நீட்டினார் கடைக்காரர்.

மில்லிகிராம் ஒன்றுதான். ஆனால் சிஆர் மெதுவாகக் கரையும். சாதா மாத்திரையில் மருந்தளவு ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்கும். டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாதுங்க.

மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து வையுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், ‘சிஆர்’ எழுத்து மூன்றும் தெரியணும். பிராண்டு பெயரை மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். வேறு கம்பெனி சிஆர் இருந்தாலும் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அக்கம்பக்கத்தில் இல்லையா? நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை பக்கத்துக் கடைகளில் கேளுங்கள். ஒரிஜினல் சீட்டு கையில் இருக்கட்டும்.

பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே தேடுங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம்.